அறுபதைத் தாண்டியவருக்கு எந்தத் தியானம்?

தியானம் என்று பேச்செடுத்தாலே வயதானவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஆலோசனைதான்: "கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்காருங்கள், எல்லாம் சரியாகிவிடும்." எதற்காக உட்கார வேண்டும், எவ்வளவு நேரம், முழங்கால் மடங்காவிட்டால் என்ன செய்வது, மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறதே, இதற்கெல்லாம் பதில் சொல்ல ஆள் இருக்காது. முப்பது வயதில் எந்த முறையில் தொடங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. ஒத்துவராவிட்டால் விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போய்விடலாம். எழுபதில் ஒத்துவராத முறையைப் பிடித்துக்கொண்டால் இடுப்பு வலிக்கும், எழும்போது தலை சுற்றும். அதைவிட மோசம், "நமக்கெல்லாம் இது வராது" என்று மனசு முடிவு கட்டிவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மரபு பழமையானது, எந்தக் குருவுக்குச் சீடர்கள் அதிகம் என்பதெல்லாம் இந்த வயதில் இரண்டாம்பட்சம். எந்தத் தொந்தரவுக்காகத் தியானத்தைத் தேடுகிறோம், நம் உடம்பு எதற்கு இடம் கொடுக்கும் என்ற இரண்டு கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

எதை எதிர்பார்க்கலாம்

2014-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. 47 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 3,515 பேரையும் சேர்த்துப் பார்த்து, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகிய மூன்றிலும் தியானத்தால் ஓரளவு பலன் உண்டு என்றது. கூடவே, மருந்து, உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளைவிடத் தியானம் மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னது. விளம்பரங்களில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

ஞாபகசக்திக்காகத் தியானம் செய்யலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி இருக்கிறது. 65 முதல் 84 வயது வரையுள்ள 585 பேர், மறதி பற்றிய கவலை இருந்தும் டிமென்ஷியா என்ற மறதி நோய் வராதவர்கள், நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் தியானம் (இந்த நொடியில் நடப்பதை எடைபோடாமல் கவனிப்பது), ஒன்றுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், கடைசிக் குழுவுக்கு உடல்நலம் பற்றிய வகுப்பு மட்டும். 2022-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் முடிவு வெளியானது. ஆறு மாதத்திலும் சரி, பதினெட்டு மாதத்திலும் சரி, நினைவாற்றல் சோதனைகளில் குறிப்பிடும்படியான வேறுபாடு எதுவும் இல்லை. அதே ஆண்டு பிரான்சில் நடந்த இன்னொரு சோதனையின் முடிவும் வந்தது. அதில் 137 முதியவர்களில் ஒரு பகுதியினர் பதினெட்டு மாதம் தியானம் கற்றார்கள், ஒரு பகுதியினர் ஆங்கிலம் கற்றார்கள், மீதிப்பேர் வழக்கம்போல் இருந்தார்கள். ஆய்வாளர்கள் குறிவைத்திருந்த மூளைப் பகுதிகளின் பருமனிலோ ரத்த ஓட்டத்திலோ தியானம் மாற்றம் எதையும் காட்டவில்லை. ஆனால் கவனத்தை நிறுத்துவது, உணர்ச்சிகளைக் கையாள்வது, தன்னைத் தானே புரிந்துகொள்வது மூன்றையும் சேர்த்துப் போட்ட மதிப்பெண்ணில், தியானம் கற்றவர்கள் மொழி கற்றவர்களை முந்தினார்கள்.

ஆக, மறதியைத் தடுக்கும் மருந்தாகத் தியானத்தை வாங்க வேண்டாம். நிதானம், தூக்கம், வலியோடு வாழும் தெம்பு, இவற்றுக்காக வாங்கலாம். ரத்த அழுத்தத்துக்கும் கொஞ்சம் உதவக்கூடும். அமெரிக்க இதயச் சங்கம் 2017-ல் வெளியிட்ட அறிக்கை, வழக்கமான சிகிச்சையோடு துணைக்குத் தியானத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. துணைக்கு என்ற சொல்லைக் கோடிட்டுப் படிக்க வேண்டும். மாத்திரையின் அளவை டாக்டர்தான் குறைக்க வேண்டும், தியான ஆசிரியர் குறைக்கக் கூடாது.

முதல் முடிவு: உட்கார்வதா, அசைவதா

மூச்சுத் தியானமா மந்திரத் தியானமா என்று குழம்புவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது இதுதான். பெரும்பாலோர் இதை ஒரு தேர்வாகவே நினைப்பதில்லை. தியானம் என்றாலே உட்கார்வது என்று மனதில் படிந்துவிட்டது.

65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது கீழே விழுகிறார். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதன் பிறகு வாழ்க்கை எப்படி மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். விழாதவர்களுக்கும் விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும், அந்தப் பயத்தாலேயே நடமாட்டம் குறையும், நடமாட்டம் குறையக் கால்கள் பலமிழக்கும். இந்தச் சுழலில் சிக்கியவருக்கு, அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பயிற்சியைவிட, சீனாவிலிருந்து வந்த தாய் சி போன்ற அசைவுத் தியானம்தான் முதலில் தேவை என்பது என் எண்ணம்.

தாய் சியில் அப்படி என்ன நடக்கிறது? பார்ப்பதற்குக் காற்றில் கையை வீசுவதுபோல் இருக்கும். வேலை முழுவதும் பாதத்தில்தான். உடம்பின் எடையை இடது காலில் முழுக்க ஏற்ற வேண்டும். வலது காலில் ஒரு துளி எடையும் இல்லை என்பது உறுதியான பிறகே அதைத் தூக்க வேண்டும். முன்னால் கொண்டுபோய்க் குதிகாலை முதலில் வைத்து, உள்ளங்கால், விரல்கள் என்று ஒவ்வொன்றாகத் தரையில் படியவிட்டு, அப்புறம்தான் எடையை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். மனம் வேறெங்கோ போனால் உடம்பு உடனே தடுமாறிக் காட்டிக்கொடுக்கும். கவனம் சிதறியது தெரிவதற்குத் தனியாக ஆராய்ச்சி தேவையில்லை. வயதானவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும் நேரத்திலும் திரும்பும் நேரத்திலும்தான். அதையே நிதானமாக, திரும்பத் திரும்பப் பழக்குகிறது இந்தப் பயிற்சி.

பலனும் அளக்கப்பட்டிருக்கிறது. 70 வயதுக்கு மேற்பட்ட, ஏற்கெனவே விழுந்தவர்களோ நடப்பதில் சிரமம் உள்ளவர்களோ ஆன 670 பேரை வைத்து நடந்த சோதனை 2018-ல் வெளியானது. வாரம் இரண்டு முறை, 24 வாரம். வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் தாய் சி குழுவில் விழுதல்கள் 58 சதவீதம் குறைவு. பலவகை உடற்பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளை எடைபோட்டுத் தொகுக்கும் அமைப்பு வெளியிட்டது) அடக்கமான கணக்கைத் தந்தது: விழுதல்கள் சுமார் 19 சதவீதம் குறைகின்றன, ஆதாரத்தின் உறுதியும் அவ்வளவு பலமில்லை. நான் இந்த இரண்டாவது எண்ணைத்தான் மனதில் வைத்துக்கொள்வேன். அதுவே சின்ன லாபமில்லை.

தாய் சியின் குறை என்ன? ஆசிரியர் வேண்டும், அதுவும் வயதான உடம்பைப் புரிந்தவராக இருக்க வேண்டும். முழங்காலை ஆழமாக மடக்கச் சொல்லி இளைஞர்களுக்குக் கற்றுத்தருபவரிடம் மூட்டுத் தேய்மானம் உள்ளவர் போகக் கூடாது. உயரமாக நின்றபடியே, பக்கத்தில் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே செய்யும் வகைகள் இருக்கின்றன. நிற்கவே முடியாதவர்களுக்கு உட்கார்ந்து செய்வதும் உண்டு. வீடியோவைப் பார்த்துத் தனியே தொடங்குவதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். திரையைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போதே தடுமாற்றம் வரும்.

நடைத் தியானத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். பத்துப் பதினைந்து அடி தூரம் போய்த் திரும்பி வருவது, பாதம் எழுவதையும் இறங்குவதையும் கவனிப்பது, அவ்வளவுதான். மெதுவாக நடப்பது பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் மிக மெதுவாக நடந்தால் ஒற்றைக்காலில் நிற்கும் நேரம் கூடுகிறது, அதனால் வழக்கமான நடையைவிடச் சமநிலை அதிகம் தேவைப்படுகிறது. சுவரோரமாக, கண்ணைத் திறந்துகொண்டு, கொஞ்சம் வேகத்தைக் கூட்டியே நடக்கலாம். வயது ஏற ஏற உடம்பு சமநிலைக்குக் கண்ணைத்தான் அதிகம் நம்புகிறது. ஆகவே நின்றுகொண்டு கண்ணை மூடும் எந்தப் பயிற்சியையும் தவிர்ப்பது நல்லது.

விழும் பயம் இல்லை, நடை நன்றாக இருக்கிறது, தொந்தரவு தூக்கத்திலோ மனதிலோதான் என்றால் உட்கார்ந்தோ படுத்தோ செய்யும் முறைகளுக்குப் போகலாம். சம்மணம் கட்டாயமில்லை. சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள நாற்காலி போதும். உள்ளங்கால் இரண்டும் தரையில் முழுக்கப் படிய வேண்டும். கால் எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை. முதுகு கூன் விழுந்திருந்தால் நிமிர்ந்து உட்காரச் சொல்லும் ஆசிரியரின் பேச்சைக் கேட்டு இழுத்து நிமிர்த்த வேண்டாம், இடுப்புக்குப் பின்னால் சின்னத் தலையணை வைத்தால் உடம்பு தனக்கு முடிந்த நேர்த்தியில் நிற்கும். முக்கியமாக, முடித்த உடனே எழக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு, நெடுநேரம் அசையாமல் இருந்து சட்டென்று எழும்போது அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். கண்ணைத் திறந்து, கணுக்காலை நாலைந்து தரம் ஆட்டி, ஒரு நிமிடம் கழித்துக் கைப்பிடியைப் பிடித்து எழ வேண்டும்.

மூச்சு, மந்திரம், உடம்பு

உட்கார்ந்து செய்யும் முறைகளில் மனதை எதில் கட்டி வைப்பது என்பதில்தான் வேறுபாடு. மூச்சைக் கவனிப்பது எல்லாவற்றிலும் பரவலானது. செலவில்லை, கருவியில்லை, ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில்கூடச் செய்யலாம். முதுகுவலிக்கு இதைச் சேர்ந்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி எவ்வளவு உதவும் என்று 65 வயதுக்கு மேற்பட்ட 282 பேரிடம் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. எட்டு வாரப் பயிற்சி முடிந்ததும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியிருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை, வலியில் மட்டும் கொஞ்சம் தணிவு மிஞ்சியிருந்தது. வகுப்பு முடிந்ததும் பயிற்சியும் முடிந்துபோகும் என்ற மனித சுபாவம் இதில் எவ்வளவு பங்கு என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் மூச்சு எல்லோருக்கும் நல்ல பிடிமானம் ஆகாது. ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் அடைப்போ உள்ளவர் மூச்சைக் கவனிக்கத் தொடங்கினால், போதவில்லையே என்ற எண்ணம்தான் முதலில் வரும். அப்புறம் படபடப்பு, அதனால் இன்னும் வேகமான மூச்சு. பதற்றம் மிகுந்தவர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, தொடைமேல் கைகள் படும் உணர்வையோ வெளியில் கேட்கும் சத்தங்களையோ பிடித்துக்கொள்ளலாம். தியானம் அதனால் குறைந்துவிடாது. காதில் இரைச்சல் உள்ளவர்களுக்கோ சத்தமே இல்லாத அறை தொல்லை, இரைச்சல் பெரிதாகக் கேட்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யலாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். மூச்சைக் கவனிப்பது வேறு, பிராணாயாமம் வேறு. ஒரு வகுப்பில் இரண்டையும் கலந்து சொல்லித்தருவார்கள். மெதுவாக, நிமிடத்துக்கு ஆறு தடவை என்ற அளவில் மூச்சு விடுவது பெரும்பாலோருக்குச் சுகமாக இருக்கும். மூச்சை உள்ளே அடக்கி நிறுத்துவதையும் வயிற்றை உதறி வேகமாக ஊதுவதையும், உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கிளாக்கோமா என்ற கண் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மந்திரத்துக்கு வருவோம். மனம் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பவருக்கு, ஜபம் பழகியவருக்கு, எனக்குத் தெரிந்தவரை இதுதான் எளிதில் ஒட்டிக்கொள்ளும் முறை. மூச்சைக் கவனி என்றால் எதைச் செய்கிறோம் என்றே சிலருக்குப் பிடிபடாது. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல் என்றால் பிடிபடும். இதில் இரண்டு பாதைகள். மகரிஷி மகேஷ் யோகி 1950-களில் பரப்பத் தொடங்கிய ஆழ்நிலைத் தியானத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் தனித்தனியே மந்திரம் தருவார். காலையும் மாலையும் இருபது நிமிடம் உட்கார வேண்டும், கற்கக் கட்டணம் உண்டு. ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் அந்தத் தியானம் செய்பவர்களை ஆராய்ந்துவிட்டு, 1975 வாக்கில் அதே சாரத்தைக் கட்டணமில்லாத எளிய வடிவில் சொன்னார். வசதியாக உட்கார், தசைகளைத் தளர்த்து, ஒவ்வொரு மூச்சு வெளியேறும்போதும் ஒரு சொல்லை மனதுக்குள் சொல், வேறு நினைப்பு வந்தால் அலட்டிக்கொள்ளாமல் சொல்லுக்குத் திரும்பு, பத்து முதல் இருபது நிமிடம். முடிந்ததும் சில நிமிடம் எழாதே என்பதும் அவர் சொன்னதுதான், தலைசுற்றலுக்குப் பயப்படும் நமக்கு அது கூடுதல் லாபம். சொல் எந்த மதத்தினுடையதாகவும் இருக்கலாம், மதமே இல்லாத சொல்லாகவும் இருக்கலாம்.

ஆழ்நிலைத் தியானத்துக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் ஓர் ஆய்வு உண்டு. 1989-ல் வெளியானது. எட்டு முதியோர் இல்லங்களில் இருந்த, சராசரி வயது 81 ஆன 73 பேரைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது ஆழ்நிலைத் தியானக் குழுவில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். கேட்க அதிசயமாக இருக்கிறது. ஆனால் ஒரு குழுவுக்கு இருபது பேர் அளவுதான், அவர்களில் இரண்டு மூன்று பேர் கூடவோ குறையவோ இருந்தால் முடிவே மாறிப்போகும். ஆய்வாளர்களில் முக்கியமான ஒருவர் அந்த இயக்கம் நடத்தும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். கட்டணம் பாரமில்லை, ஆசிரியர் கூட இருந்து சொல்லித்தந்தால்தான் தொடர்வேன் என்பவர் அங்கே போகலாம். மற்றவர்களுக்குப் பென்சன் வழியே போதும் என்பேன்.

சொல்லோடு விரல்களையும் சேர்க்கும் கீர்த்தன் கிரியா என்றொரு முறை இருக்கிறது. ச, த, ந, ம என்று ஒவ்வோர் ஒலிக்கும் கட்டைவிரலால் ஒவ்வொரு விரலைத் தொட்டு, முதலில் வாய்விட்டு, பிறகு கிசுகிசுப்பாக, பிறகு மனதுக்குள் என்று மொத்தம் 12 நிமிடம். லேசான மறதி தொடங்கிய 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 12 வாரம் இதை யோகா வகுப்போடு சேர்த்துச் சோதித்தார்கள். நினைவாற்றல் பயிற்சி பெற்ற குழுவும் இந்தக் குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு நினைவாற்றல் முன்னேற்றம் காட்டின, மனச்சோர்வில் இந்தக் குழு கொஞ்சம் முந்தியது. எதுவுமே செய்யாத குழு ஒன்று இல்லாததால், சோதனையைத் திரும்ப எழுதிய பழக்கமே மதிப்பெண்ணைக் கூட்டியதா என்று தெரியாது. இருந்தாலும் விரலுக்கும் வேலை இருப்பதால், நடுவில் எங்கே விட்டோம் என்று தடுமாறுபவர்களுக்கு இது வசதி.

தூக்கம்தான் பிரச்சினை என்றால் பாடி ஸ்கேன், அதாவது கால்விரலில் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனத்தை நகர்த்துவது, என் முதல் சிபாரிசு. யோக நித்திரையும் ஏறக்குறைய இதே குடும்பம். படுத்துக்கொண்டே செய்யலாம். 2015-ல், தூக்கம் கெட்டிருந்த 49 முதியவர்களில் பாதிப்பேருக்கு ஆறு வாரம் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியும் மீதிப்பேருக்கு நல்ல தூக்கத்துக்கான பழக்கவழக்கப் பாடமும் கொடுத்துப் பார்த்தார்கள். தியானக் குழுவின் தூக்கம் நன்றாக மேம்பட்டது, பகல் சோர்வும் மனச்சோர்வும் குறைந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் ஒப்பீடு நேர்மையானது.

நடைமுறையில் இரண்டு சிக்கல் வரும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவரிடம் "கட்டைவிரலை உணருங்கள்" என்றால் அங்கே ஒன்றும் இருக்காது. வெறுமை, அல்லது எரிச்சல். பயிற்சியின் முதல் வரியிலேயே தோற்றுப்போன உணர்வு. அவர் கைவிரல்களில் தொடங்கித் தோள், முகம் என்று போகலாம், பாதத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் அல்லது விட்டேவிடலாம். இன்னொன்று, காது கேட்கும் கருவி போட்டவர் தலையணையில் சாய்ந்தால் கருவி வீச்சென்று கத்தும். அதைக் கழற்றினால் வழிநடத்தும் குரல் கேட்காது. சாய்வு நாற்காலியில் தலை ஒட்டாமல் சாய்ந்துகொள்வதோ, உறுப்புகளின் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு கருவியைக் கழற்றிவிடுவதோ வழி. நடுவில் தூங்கிவிட்டால்? ராத்திரி என்றால் நல்லதுதான், அதற்காகத்தானே படுத்தோம். பகலில் ஒரு மணி நேரம் தூங்கிப் போனால் இரவுத் தூக்கத்தில் கழிந்துவிடும், ஆகவே பகலில் உட்கார்ந்தே செய்ய வேண்டும்.

மைத்ரி தியானம், அதாவது முதலில் தனக்கும் பிறகு மற்றவர்களுக்கும் மனதுக்குள் நலம் வேண்டுவது, தனிமையில் இருப்பவர்களுக்கு இதமானது. அண்மையில் துணையை இழந்தவர் இதைத் தனியாகத் தொடங்குவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். பெயரை நினைத்த மாத்திரத்தில் அழுகை முட்டும், பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது.

எங்கே கற்பது

ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வார வகுப்புதான் இன்று உலகமெங்கும் நடக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புகளுக்கு மூலம். வாரம் ஒருநாள் இரண்டரை மணி நேரம், நடுவில் ஒரு முழுநாள் மௌனம், வீட்டில் தினமும் சுமார் 45 நிமிடம். வீட்டுப்பாடம் கொஞ்சம் கனம்தான். முதியவர்களுக்கான வகுப்பென்றால் அதை ஐந்து, பத்து நிமிடத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பின் உண்மையான லாபம் வேறு. வாரம் ஒருமுறை வெளியே கிளம்ப ஒரு காரணம் கிடைக்கிறது, தன் வயதுக்காரர்களோடு பேச்சு நடக்கிறது. தனிமை தணிவது தியானத்தாலா கூட்டத்தாலா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம், கற்பவருக்கு அது தேவையும் இல்லை.

பத்து நாள் விபாசனா முகாம் இதற்கு நேரெதிர். உடம்பில் எழும் உணர்வுகளை அமைதியாகக் கவனிக்கும் இது, பர்மாவில் பிறந்த எஸ்.என்.கோயங்கா 1969-ல் இந்தியாவுக்கு வந்து பரப்பிய முறை. கட்டணம் கிடையாது, ஏற்கெனவே பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாளொன்றுக்குப் பத்து மணி நேர அளவில் உட்கார வேண்டும், பேச்சு கிடையாது, மதியத்துக்குப் பிறகு முழுச் சாப்பாடு கிடையாது. முடியாதவர்களுக்கு நாற்காலி தருவார்கள். ஆழமான பயிற்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எழுபது வயதில் வாழ்க்கையின் முதல் தியானமாக இதைத் தேர்வது, நீச்சல் பழக நடுக்கடலுக்குப் போவது மாதிரி. இன்சுலின் போடுபவர்கள், அண்மையில் மாத்திரை மாற்றியவர்கள், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் விண்ணப்பத்தில் எதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஓராண்டாவது வீட்டில் தினமும் உட்கார்ந்து பழகிய பிறகு யோசிக்கலாம்.

கைப்பேசிச் செயலிகள் மலிவு, வசதி. பிள்ளைகள் போட்டுக்கொடுத்துவிட்டுப் போவார்கள். பின்னணி இசையும் கிசுகிசுப்பான குரலும் சேர்ந்தால் காது மந்தமானவருக்கு ஒரு சொல்லும் புரியாது. இசையை அணைக்க வசதி இருக்கிறதா, குரல் நிதானமாகவும் தெளிவாகவும் இருக்கிறதா, சந்தா தானாகவே புதுப்பிக்கப்படுமா என்று பார்த்துவிட்டுப் போட்டுக்கொடுக்கலாம். வகுப்பில் கற்றதை வீட்டில் தொடரச் செயலி நன்றாக உதவும். செயலியில் மட்டுமே கற்றவர், சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லாமல் விட்டுவிடுகிறார்.

சில எச்சரிக்கைகள்

தியானத்தால் கெடுதலே வராது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். 83 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான கட்டுரை, தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பாதிப்பு பதிவாகியிருப்பதாகச் சொன்னது, பெரும்பாலும் பதற்றமும் மனச்சோர்வும். பழைய அதிர்ச்சிகள் அமைதியில் மேலெழுந்து வரும். இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் மனம் மேலும் கனத்தால், தூக்கம் குறைந்தால், இல்லாத குரல்கள் கேட்டால், "விடாமல் செய், தானாகப் போகும்" என்ற அறிவுரையை ஒதுக்கிவிட்டு நிறுத்த வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும். கடுமையான மனச்சோர்வு இருக்கும்போது தியானம் சிகிச்சைக்குப் பதிலாகாது.

மற்றபடி ஒரு முறைக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது நியாயமான கணக்கு. நான்கு நாளில் முறையை மாற்றினால் எதுவும் தெரியாது, நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. மனம் அடங்கியதா என்று அளக்காமல், எதற்காகத் தொடங்கினோமோ அதைப் பார்க்க வேண்டும். தூக்கத்துக்காக என்றால் ராத்திரி எத்தனை முறை விழிப்பு வருகிறது, விழும் பயத்துக்காக என்றால் படியிறங்கும்போது கைப்பிடிக் கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம், வலிக்காக என்றால் எந்த வேலையை மறுபடி செய்ய முடிகிறது.

கடைசியாக, டிமென்ஷியா வந்துவிட்ட வீடுகளைப் பற்றி. நோயாளிக்கு எந்தத் தியானம் சொல்லித்தரலாம் என்று குடும்பத்தார் கேட்பார்கள். நோய் முற்றாத நிலையில், பழக்கமான ஒரு பிரார்த்தனையையோ சொல்லையோ கூட உட்கார்ந்து ஐந்து நிமிடம் சேர்ந்து சொல்வது போதும், புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம். அந்த வீட்டில் தியானம் அதிகம் தேவைப்படுபவர் பெரும்பாலும் பராமரிப்பவர்தான், அவருக்கும் வயது எழுபதாக இருக்கலாம். டிமென்ஷியா நோயாளிகளைப் பராமரிக்கும் 39 பேரில் ஒரு குழுவினர் மேலே சொன்ன 12 நிமிடக் கீர்த்தன் கிரியாவை எட்டு வாரம் செய்தார்கள், இன்னொரு குழுவினர் அதே நேரம் அமைதியான இசை கேட்டார்கள். தியானம் செய்தவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் குறைந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடம் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் தினமும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தால் பயிற்சி தொடரும். அப்படி ஆள் இல்லையென்றால் நோயாளி தூங்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.